கடற்கரைப் பிளாஸ்டிக் அள்ளும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் குப்பை அள்ள வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். முதல்முறை வருகிறவர்கள் கேட்பதும் இதில் உண்டு, பல வருடமாகக் குழு நடத்துகிறவர்கள் கேட்பதும் உண்டு. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. நேரம் குறைவு என்றால் எண்ணுவதைப் பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள். அள்ளுவதைவிட அதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று அள்ளினால் நாளை மறுபடியும் ஒதுங்கத்தானே போகிறது? இதனால் கடலுக்கு என்ன பயன்?

ஒதுங்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் எடுக்காமல் விட்ட ஒரு பைக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் பாருங்கள். பல மாதம் வெயிலில் கிடந்த மெல்லிய பையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அது முழுதாக வராது. விரல் பட்ட இடம் பொலபொலவென்று உதிரும். கையில் ஒரு துண்டு நிற்கும், மீதியெல்லாம் செதில் செதிலாக மணலில் விழும். அந்தச் செதில்களை இனி யாராலும் பொறுக்க முடியாது. காற்றும் அலையும் அவற்றை எடுத்துக்கொண்டு போய்விடும். வெயில், சூடு, மணலின் உரசல் மூன்றும் ஒன்றுசேரும் இடம் கரை. அதனால் குளிர்ந்த, இருண்ட ஆழ்கடலைவிடக் கரையில்தான் பிளாஸ்டிக் வேகமாகப் பொடியாகிறது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது நுண்பிளாஸ்டிக். முழுப் பையாக இருக்கும்போது எடுப்பது ஒரு நொடி வேலை. பொடியான பிறகு அது யார் கைக்கும் எட்டாது.

உயிர்களின் கணக்கும் இருக்கிறது. இறந்துபோன கடலாமைகளின் வயிற்றை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 14 துண்டு பிளாஸ்டிக் உள்ளே போன ஆமை அதனாலேயே சாகும் வாய்ப்பு 50 சதவீதம் என்று மதிப்பிட்டது. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் கரையில் கிடக்கும் பாட்டிலுக்குள் நுழைந்து, வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடியாமல் உள்ளேயே சாகின்றன. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் இப்படிச் சிக்கியவை சுமார் 5,70,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு பாட்டிலை எடுப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த நண்டுகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

மும்பையின் வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர், பக்கத்தில் குடியிருந்த முதியவர் ஒருவரோடு இரண்டே பேராக அள்ளத் தொடங்கினார். வாரம் தவறாமல் போனார்கள், ஆளும் சேர்ந்தது. 2018 மார்ச்சில், ஏறக்குறைய இருபது வருட இடைவெளிக்குப் பிறகு, அந்தக் கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. மழைக்காலத்தில் வெர்சோவாவில் அதற்குப் பிறகும் குப்பை ஒதுங்கியது. இரண்டும் உண்மை.

கடலுக்குள் இவ்வளவு பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி நிலத்திலிருந்து. 192 கடலோர நாடுகளை வைத்து 2015-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 2010 என்ற ஒரே வருடத்தில் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் நிலத்திலிருந்து கடலுக்குப் போனது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே இதை அளப்பது எவ்வளவு கடினம் என்று புரியும்.

பாதை எளிமையானது. குப்பை சேகரிக்கப்படாத தெரு, அடுத்து சாக்கடை, அப்புறம் வாய்க்கால், ஆறு, கழிமுகம். ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் கொண்டுபோகின்றன என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அவற்றில் பல, நகரத்துக்கு நடுவே ஓடும் சிறிய ஆறுகள். நாலைந்து பெரிய நதிகளை மட்டும் சரிசெய்தால் போதும் என்ற பழைய எண்ணம் அதோடு போய்விட்டது.

மீதி கடலிலிருந்தே வருகிறது: அறுந்த வலை, கயிறு, மிதவை, கப்பலிலிருந்து விழுந்த சரக்கு. கப்பல்கள் பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டக் கூடாது என்ற சர்வதேச விதி 1988 டிசம்பர் 31 முதலே நடைமுறையில் இருக்கிறது.

கரையில் அதிகம் கிடைப்பது எது?

எண்ணிக்கையில் பார்த்தால் பல வருடங்களாக முதலிடம் சிகரெட் துண்டுக்குத்தான். பஞ்சு மாதிரி இருக்கிறதே, மக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கின் இழை. உலகளாவிய கடற்கரைத் துப்புரவுக் கணக்கில் 2019-ல்தான் முதல்முறையாக உணவுப்பண்ட உறைகள் சிகரெட் துண்டை முந்தின.

இன்னொன்றையும் நீங்களே கவனிப்பீர்கள். பல கரைகளில் பாட்டிலைவிட மூடி அதிகமாகக் கிடக்கும். காரணம் எடை. மூடி செய்யப்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் கடல்நீரைவிட லேசானவை, எவ்வளவு தூரமும் மிதந்து போகும். பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக் கடல்நீரைவிடக் கனமானது. மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் காற்று பாட்டிலைத் தாங்கும். மூடி கழன்றால் தண்ணீர் புகுந்து பாட்டில் அடியில் போய்விடும். ஆக, கரையில் கிடக்கும் அனாதை மூடி ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக ஒரு பாட்டில் அடியில் கிடக்கலாம். உலகக் கடல்களிலேயே மிக ஆழமான மரியானா அகழியில் ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பை படம்பிடிக்கப்பட்டிருக்கிறது.

தொடங்க எத்தனை பேர் வேண்டும்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இரண்டு பேர் போதும். தனியாகப் போகாதீர்கள் என்பதற்காகத்தான் இரண்டு என்கிறேன்.

கரை யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். உள்ளாட்சி, வனத்துறை, துறைமுகம் என்று இடத்துக்கு இடம் மாறும். சிலர் அள்ளப் போகும் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: மூட்டையை எங்கே வைக்க வேண்டும், வண்டி எப்போது வரும்? இதற்குப் பதில் கிடைக்காமல் முதல் நாளை வைக்காதீர்கள். நூறு பேர் அள்ளிக் குவித்த மூட்டைகள் வண்டி வராமல் கிடந்து, நாய் கிழித்து, காற்றில் பறந்து திரும்பக் கடலுக்கே போனால் வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த முறை வர மாட்டார்கள்.

கரையில் தொழில் செய்கிற மீனவர்களிடமும் போய்ப் பேசுங்கள். அது அவர்கள் வலை காயப்போடும் இடம், படகு இழுக்கும் இடம். எது குப்பை, எது நாளைக்குத் தைக்க வைத்திருக்கும் வலை என்று வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. குப்பை பொறுக்கி விற்றுப் பிழைக்கிறவர்கள் அங்கே இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். எந்தப் பிளாஸ்டிக் விலைபோகும், எது போகாது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. விற்கக்கூடியது அவர்களுக்கே போகட்டும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

கடல் வற்றும் நேரம். ஏற்றத்தின்போது அலை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போன இடத்தில் பாசி, குச்சி, சிப்பியெல்லாம் ஒரு கோடாகக் கிடக்கும். குப்பையும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே இருக்கும். அதை ஒட்டி மெதுவாக நடந்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் மணல்மேட்டின் அடி. காற்று அடித்துக்கொண்டு போன பைகள் அங்கே செடிகளில் சிக்கியிருக்கும். அடும்புக்கொடி படர்ந்த இடத்தில் கொடியைப் பிடுங்காமல் பையை மட்டும் எடுங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

தடித்த கையுறை, அடிப்பாகம் கெட்டியான செருப்பு அல்லது காலணி, தொப்பி, தண்ணீர். குப்பைக்கு சாக்கு அல்லது வாளி. குப்பை அள்ளுவதற்காகப் புதிய பிளாஸ்டிக் பை வாங்குகிற குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சாக்கு எங்கேயும் கிடைக்கும். குடிதண்ணீரையும் பெரிய கேனில் கொண்டுபோய்த் தம்ளரில் கொடுங்கள். ஒரு தூக்குத் தராசு, எழுத அட்டை, பென்சில். ஈரக் கையில் பேனாவைவிடப் பென்சில் நன்றாக எழுதும்.

எதைத் தொடவே கூடாது?

ஊசி, மருந்துக் குப்பி, மூடி திறக்காத டின், எண்ணெய் கசியும் பீப்பாய், கப்பல் அடையாள வெடி போலத் தெரிகிற எதுவும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, குழுத்தலைவரிடம் சொல்லுங்கள். இறந்த அல்லது காயம்பட்ட ஆமை, பறவை கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உயிரோடு சிக்கியிருக்கும் விலங்கின் வலையைப் பதற்றத்தில் அறுக்கப் போனால் உங்களுக்கும் காயம், அதற்கும் காயம்.

அள்ளினால் போதாதா? எதற்காக எண்ண வேண்டும்?

இந்த வேலையின் உயிரே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இருவர் ஒரு துப்புரவு நாளை ஏற்பாடு செய்தார்கள். 2,800 பேர் வந்தார்கள். வந்தவர்களிடம் சாக்கோடு ஓர் அட்டையையும் கொடுத்து, எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் அதில் குறிக்கச் சொன்னார்கள். இன்று செப்டம்பர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு அந்த அட்டையிலிருந்து வளர்ந்தது.

எண்ணியதால் என்ன ஆனது? ஐரோப்பியக் கரைகளில் பல வருடம் நடந்த எண்ணிக்கையை வைத்து, எந்தப் பத்துப் பொருட்கள் அதிகம் கிடைக்கின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியல் போட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பற்றி 2019-ல் வந்த சட்டம் அந்தப் பட்டியலைக் குறிவைத்தே எழுதப்பட்டது. காது குடையும் குச்சி, உறிஞ்சுகுழாய், தட்டு, கரண்டி, கலக்கும் குச்சி ஆகியவற்றைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்பது 2021 ஜூலை 3 முதல் அங்கே தடை. கரையில் குனிந்து குச்சிகளை எண்ணியவர்கள் இல்லாமல் அந்தப் பட்டியல் வந்திருக்காது. ‘இன்று 400 கிலோ அள்ளினோம்’ என்ற புகைப்படம் எந்தச் சட்டத்தையும் மாற்றாது. எடையில் ஈர மணலும் சேர்ந்திருக்கும், ஒரு பழைய டயர் இருந்தால் அன்றைய எடை எகிறிவிடும்.

எப்படி எண்ணுவது? கரையில் 100 மீட்டர் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனையும் மாறக் கூடாது. ஒரு மரம், ஒரு விளக்குக் கம்பம் என்று அசையாத அடையாளத்தை வையுங்கள். வருடத்துக்கு நாலு முறையாவது அதே இடத்தில், தண்ணீர் விளிம்பிலிருந்து மணல்மேடு வரை கிடப்பதை முழுவதும் எடுத்து, வகை பிரித்து எண்ணுங்கள். மற்ற இடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணாமல் அள்ளுங்கள், தவறில்லை. அந்த 100 மீட்டர் மட்டும் கணக்குக்கு உரியது.

வகை பிரிப்பதில் சோம்பல் படாதீர்கள். ‘பிளாஸ்டிக் – 312’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. மூடி எத்தனை, உறை எத்தனை, கயிற்றுத் துண்டு எத்தனை, தெர்மாகோல் எத்தனை என்று தனித்தனியாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று அதுவே சொல்லும். பஞ்சுக் குச்சி நிறையக் கிடந்தால் கழிவுநீர் சுத்திகரிக்காமல் கடலுக்கு வருகிறது என்று சந்தேகப்படலாம். கழிப்பறையில் போடுகிறவர்கள் அதிகம். தெர்மாகோலும் கயிறும் அதிகம் என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பேச வேண்டும். உறை அதிகம், அதுவும் புதுசாக, நிறம் மங்காமல் இருக்கிறது என்றால் கரைக்கு வருகிறவர்களே போடுகிறார்கள். குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது, எப்போது காலி செய்யப்படுகிறது என்று பாருங்கள். இப்படி ஒவ்வொன்றுக்கும் பேச வேண்டிய ஆள் வேறு. எண்ணிக்கை இல்லாமல் போனால் ‘மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்’ என்று பேசிவிட்டுக் கலைவதுதான் நடக்கும்.

காகிதத்தில் எழுதலாம், இல்லையென்றால் கிளீன் ஸ்வெல் போன்ற இலவசச் செயலியில் பதியலாம். அதில் பதிந்தால் உங்கள் எண்ணிக்கை உலகக் கணக்கோடு சேரும்.

அள்ளியதை என்ன செய்வது? எல்லாவற்றையும் மறுசுழற்சிக்கு அனுப்பலாமா?

பெரும்பாலானதை முடியாது. உப்பும் மணலும் ஏறி, வெயிலில் நைந்து, பாசி பிடித்த பிளாஸ்டிக்கை வாங்க ஆளில்லை. பளபளப்பான பண்ட உறைகள் பல அடுக்குகள் ஒட்டியவை, பிரிக்கவே முடியாது. மொத்தப் பிளாஸ்டிக் கழிவை எடுத்துக்கொண்டாலும் நிலைமை மோசம்தான்: 2019-ல் உலகம் முழுக்க உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 35 கோடி டன், அதில் மறுசுழற்சியானது 9 சதவீதம்.

புதிதாக வீசப்பட்ட பாட்டில், கெட்டியான டப்பா, உலோகம், கண்ணாடி ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். மீதியை முறையான குப்பைக் கிடங்குக்கு அனுப்புவதே நேர்மை. ‘எல்லாம் மறுசுழற்சி ஆகிறது’ என்று தன்னார்வலர்களிடம் சொல்லாதீர்கள். இவ்வளவு சிரமப்பட்டு அள்ளியதில் பெரும்பாலானது கிடங்குக்குத்தான் போகிறது என்று தெரிந்தால்தான், அதை உருவாக்காமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வரும். கரையிலேயே வைத்துக் கொளுத்துவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். நச்சுப் புகை, அதோடு உருகி மணலில் கட்டியாகிக் கிடக்கும் மிச்சம்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னத் துகள்களை எப்படி எடுப்பது?

எல்லாவற்றையும் எடுக்க முடியாது, ஆனால் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். பாசிக் கோட்டின் அருகே முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கை அகல மணலை மட்டும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முதலில் மணலும் சிப்பியும்தான் தெரியும். பிறகு பயறு அளவில், வெள்ளையாகவோ மஞ்சள் பாரித்தோ, உருண்டையாக ஒன்று கண்ணில் படும். நசுக்கினால் உடையாது. அதுதான் பிளாஸ்டிக் குருணை. பெரும்பாலான பிளாஸ்டிக் பொருட்கள் முதலில் இந்தக் குருணையாகத்தான் ஆலைக்குப் போகின்றன. வழியில் சிந்துவது மழைநீரோடு கடலுக்கு வருகிறது. ஒன்றைக் கண்ட பிறகு சுற்றிலும் பத்து தெரியும்.

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிந்து, பிறகு மூழ்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டி, இலங்கையின் மேற்குக் கரையில் பல இடங்களில் மணலே தெரியாத அளவுக்குக் குவிந்தது. படையினரும் தன்னார்வலர்களும் மணலைச் சல்லடையில் சலித்து எடுத்தார்கள். ஒரு மூட்டை குருணைக்கு எவ்வளவு மணலைச் சலிக்க வேண்டும் என்பதை அந்தக் கரையில் வேலை செய்தவர்கள்தான் சொல்ல முடியும்.

சின்ன இடத்தில் செய்ய ஒரு வழி உண்டு. வாளியில் கடல்நீர் நிரப்பி, மேல்மணலை ஒரு கை போட்டுக் கலக்குங்கள். மணல் அடியில் இறங்கும், குருணையும் லேசான துகள்களும் மேலே மிதக்கும். வடிகட்டியால் எடுத்துவிட்டுத் தண்ணீரையும் மணலையும் அங்கேயே கொட்டிவிடலாம். பாசித்துணுக்கும் சேர்ந்து மிதக்கும், அதில் சின்ன உயிர்கள் இருக்கும். கையால் பிரித்துத் திருப்பிப் போட்டுவிடுங்கள்.

வலை, கயிறு போன்றவை மணலில் புதைந்து கிடக்கின்றன. இழுத்து எடுக்கலாமா?

இழுக்காதீர்கள். மேலே தெரிவது ஒரு முழம் என்றால் அடியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. சுற்றிலும் கையால் மணலை விலக்கி, தெரிகிற வரை அறுத்து எடுங்கள். கத்தி பழக்கமான பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். தண்ணீருக்குள் பாறையில் சிக்கிய வலையைப் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கைவிடப்பட்ட வலையைப் பேய்வலை என்கிறார்கள். ஆளில்லாமலே அது மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். வடபசிபிக்கில் மிதக்கும் பெரிய குப்பைத் திரளின் எடையில் 46 சதவீதம் மீன்வலை என்று 2018-ல் ஓர் ஆய்வு கண்டது. இதைக் காட்டி மீனவர்களைக் குற்றவாளியாக்குகிற பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வலையை யாரும் ஆசைப்பட்டுத் தொலைப்பதில்லை. அது அவர்கள் முதலீடு. பாறையில் மாட்டும், புயலில் அறும், பெரிய கப்பல் குறுக்கே வந்தால் போய்விடும். பழைய வலையைக் கொடுக்கக் கரையில் ஒரு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல துறைமுகங்களில் இருக்காது.

மீனவர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தின் நீண்டகரைத் துறைமுகம் நல்ல உதாரணம். வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவரும் திட்டம் 2017-ல் அங்கே தொடங்கியது. படகுகளுக்குப் பை கொடுத்தார்கள். கரைக்கு வந்ததைப் பெண்கள் குழு பிரித்துக் கழுவியது. தூளாக்கிய பிளாஸ்டிக் சாலை போடத் தாரோடு சேர்ந்தது. நெதர்லாந்தில் 2000-ம் ஆண்டிலேயே இதே போன்ற ஏற்பாடு தொடங்கி மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது. இரண்டிலும் மீனவரிடம் கேட்டது ஒன்றுதான்: ஏற்கனவே கைக்கு வந்ததைத் திருப்பிப் போடாதீர்கள். அதைக் கரையில் வாங்கிக்கொள்ள ஆளும் இடமும் இருந்தன. அதனால்தான் நடந்தது.

இயந்திரம் வைத்து ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாமே?

மணலைச் சீவும் இயந்திரம் பாசியையும் சேர்த்து அள்ளிவிடும். அந்தப் பாசிக்கு அடியில்தான் கரைப் பறவைகளின் இரை இருக்கிறது. ஆமை முட்டையிடும் கரையில் இயந்திரம் ஏறினால் கூடுகள் நசுங்கும். சிகரெட் துண்டு பல நேரம் பல்லிடுக்கில் நழுவிவிடும். கூட்டம் குவியும் சுற்றுலாக் கரைக்கு வேண்டுமானால் சரி.

நடுக்கடலில் குப்பைத் தீவு இருக்கிறதாமே, அதைப் போய் அள்ளினால் என்ன?

தீவு என்றதும் நடந்து போகலாம் போல ஒரு படம் மனதில் வருகிறது. அப்படி இல்லை. வடபசிபிக் குப்பைத் திரளில், சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் சுமார் 79,000 டன் பிளாஸ்டிக் பரவிக் கிடக்கிறது. பல இடங்களில் படகில் போனால் வெறும் கடலாகத்தான் தெரியும். அங்கே அள்ளும் முயற்சிகள் நடக்கின்றன, பெரிய வலைகளை எடுப்பதில் பயனும் உண்டு. ஆனால் கப்பல், எரிபொருள், மேற்பரப்பில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள் என்று கணக்கு நீளும். அதே உழைப்பை ஆற்றின் வாயில் போட்டால் பலமடங்கு கிடைக்கும் என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் கடலே இல்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். மழைக்கு முன் ஒரு வாய்க்காலைச் சுத்தம் செய்தால், மழைக்குப் பின் கரையில் பத்து மடங்கு உழைப்பு மிச்சம். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஒரு சிற்றாற்றின் வாயில் 2014 முதல் ஒரு குப்பைச் சக்கரம் சுழல்கிறது. ஆற்றின் ஓட்டமும் சூரிய மின்சாரமும் அதைச் சுழற்ற, மிதவைத் தடுப்பு குப்பையைத் திரட்டித் தர, பட்டை வழியாக அது தொட்டியில் போய் விழுகிறது. பெரிய கண்களை ஒட்டி அதை ஊரின் செல்லப்பிள்ளையாகவே ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு செலவு முடியாத இடங்களில் மூங்கிலும் வலையும் வைத்துக் கட்டிய தடுப்பே வேலை செய்யும். தினமும் அதைக் காலி செய்ய ஆள் வேண்டும், இல்லாவிட்டால் முதல் வெள்ளத்தில் தடுப்போடு சேர்ந்து எல்லாம் போய்விடும்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்ட பை பரவாயில்லையா?

நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில், மக்கும் என்று விற்கப்பட்ட பைகளை மண்ணிலும் கடலிலும் மூன்று வருடம் போட்டு வைத்தார்கள். 2019-ல் முடிவு வந்தபோது, அந்தப் பையில் அப்போதும் சாமான் வைத்துத் தூக்க முடிந்தது.

இது தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்புத்தானே? நாங்கள் ஏன் குனிய வேண்டும்?

பொறுப்பு அவர்களுடையதுதான். அதை நிரூபிக்க ஆதாரம் கரையில்தான் கிடக்கிறது. 2017 செப்டம்பரில் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் உள்ள ஃப்ரீடம் தீவில் தன்னார்வலர்கள் அள்ளிய உறைகளை நிறுவனவாரியாகப் பிரித்து எண்ணினார்கள். எந்த நிறுவனத்தின் உறை எவ்வளவு என்று பட்டியல் வெளியானது. அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் எண்ணிக்கை அட்டையில் ‘நிறுவனம்’ என்று ஒரு கட்டம் சேர்ப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

பணம் தர நிறுவனங்கள் முன்வரும்போது ஒன்று கேளுங்கள்: எண்ணிக்கையை வெளியிட விடுவார்களா? தயங்கினால் அந்தப் பணம் வேண்டாம். சட்டை, பதாகை, புகைப்படம் எல்லாம் அவர்கள் விளம்பரத்துக்குப் போய்விடும்.

காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாட்டையும் கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் பாட்டிலுக்கும் டின்னுக்கும் இது உண்டு. நார்வேயில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் திரும்பி வருகின்றன. விலையுள்ள பொருளை யாரும் கரையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள், விட்டாலும் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பிளாஸ்டிக் மாசைத் தடுக்க உலக ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் தீர்மானித்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் உடன்பாடு இல்லாமலே முடிந்தது. அதற்காக உள்ளூரில் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2013-ல் மெலாட்டி, இசபெல் என்ற பள்ளிச் சகோதரிகள் பைகளுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் வருடக்கணக்கில் விடாமல் நின்றது. 2018 இறுதியில் பாலி ஆளுநர் பை, உறிஞ்சுகுழாய், தெர்மாகோல் மூன்றுக்கும் தடை ஆணை போட்டார்.

பிள்ளைகளை அழைத்துவரலாமா?

தாராளமாக. ஒரு பெரியவருக்கு நாலு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். எண்ணி எழுதும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

முதல் வாரம் இருநூறு பேர் வருகிறார்கள், மூன்றாவது மாதம் ஐந்து பேர்தான். என்ன செய்வது?

அந்த ஐந்து பேர்தான் குழு. இருநூறு பேர் வருவது ஒரு நாள் நிகழ்ச்சி, அதற்கு வேறு பயன் உண்டு. ஐந்து பேர் மாதத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே இடத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் செய்தால் வருடக்கணக்கில் ஓடும். வெயில் ஏறும்வரை இழுத்தடித்தால் அடுத்த மாதம் மூன்று பேர்தான் வருவார்கள். எண்ணிக்கையைக் கரையிலேயே ஒரு பலகையில் எழுதி வையுங்கள். நடக்க வருகிறவர்கள் நின்று படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், சிலர் குனிந்து எதையாவது எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

மழைக்காலத்தில் நிறுத்திவிடலாமா?

கடல் கொந்தளிக்கும் நாளில் கரைக்குப் போகவே வேண்டாம். ஆனால் பருவத்தின் முதல் பெருமழை ஓய்ந்து கடல் அடங்கியதும் முடிந்தால் அந்த வாரமே போய்விடுங்கள். வருடம் முழுக்க வாய்க்காலில் தேங்கியது எல்லாம் அப்போதுதான் வந்து ஒதுங்கும். அது மறுபடி உள்ளே போவதற்குள் எடுக்கச் சில நாட்கள்தான் கிடைக்கும். அன்றைய அட்டையில் மழை எப்போது பெய்தது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்த எண்ணிக்கையைப் பார்க்கிறவர் ஏன் இவ்வளவு ஏறியது என்று குழம்பிப் போவார்.